கர்த்தர் என்னை எதற்காக வைத்திருக்கிறார்?

கேள்வி: எனக்கு வயது 27. கிறிஸ்தவக் குடும்பம், ஞாயிறு பள்ளி நாட்களிலிருந்தே சபையில் வளர்ந்தவன். சென்னையில் ஐ.டி. வேலை, சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனால் காலையில் கண் விழித்தால் எதற்காக எழுந்திருக்கிறோம் என்றே தெரியவில்லை. தேவசித்தத்தைக் காட்டும்படி உபவாசமிருந்து ஜெபித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்த பாஸ்டர் ஒருவர் "வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வா" என்கிறார். அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை. விசுவாசத்தின் வழியாக வாழ்க்கையின் நோக்கத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

தம்பி, இந்தக் கேள்வி விசுவாசக் குறைவால் உங்களுக்கு வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். நான் பல வருடங்களாக வாலிபர்களோடு உட்கார்ந்து வேதம் படித்து வருகிறேன். சபையில் அக்கறையாக வளர்ந்த பிள்ளைகளைத்தான் இது அதிகம் வாட்டுகிறது. "கர்த்தர் உனக்கென்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்" என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்கிறோம். கேட்டுக் கேட்டு, அந்தத் திட்டம் எங்கோ ஒரு கவரில் ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது, சரியான விதத்தில் ஜெபித்தவனுக்கு மட்டும் அது பிரித்துக் காட்டப்படும், தவறவிட்டால் வாழ்க்கை வீண் என்ற பயம் மனதில் உட்கார்ந்துவிடுகிறது. உங்களைச் சோர்ந்துபோக வைத்திருப்பது இந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். இந்தப் பயத்தை வேதம் நமக்குக் கொடுக்கவில்லை.

"தேவனுடைய சித்தம் இதுதான்" என்று வேதம் நேராகச் சொல்கிற இடங்களை எடுத்துப் பாருங்கள். "நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாகவேண்டுமென்பதே தேவனுடைய சித்தமாயிருக்கிறது" என்று 1 தெசலோனிக்கேயர் 4:3 சொல்கிறது. எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்வது தேவனுடைய சித்தம் என்று அதே நிருபத்தின் 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. கர்த்தர் உன்னிடத்தில் வேறே எதைக் கேட்கிறார் என்று கேட்கும் மீகா 6:8, நியாயஞ்செய்வதையும் இரக்கத்தைச் சிநேகிப்பதையும் தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பதையும் பதிலாக வைக்கிறது. எந்தக் கம்பெனி, எந்த ஊர், எந்தப் பெண் என்ற பேச்சே இவற்றில் இல்லை. உபவாசமிருந்து தேடவேண்டிய ரகசியமும் எதுவுமில்லை. நூற்றில் தொண்ணூறு பங்கு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிற வேதத்திலேயே எழுதிக் கிடக்கிறது. மீதிப் பங்குக்காகத்தான் நாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறோம்.

இயேசு பன்னிரண்டு பேரை அழைத்ததை மாற்கு 3:14 எப்படிச் சொல்கிறது என்று கவனியுங்கள். "தம்மோடுகூட இருக்கவும்" என்பது முதலில் வருகிறது. பிரசங்கிக்க அனுப்புவது அதற்கு அப்புறம். நாம் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, எங்கே அனுப்புவார் என்றே கேட்டுக்கொண்டிருக்கிறோம். கிறிஸ்தவ விசுவாசத்தில் நோக்கம் என்பது முதலில் ஒருவரோடு இருப்பது. அவரோடு இருக்கிறவனுக்கு வேலை வந்து சேரும். அந்த வேலை இடையில் மாறலாம், நின்றும் போகலாம். அழைத்தவர் அப்போதும் இருப்பார். இந்தப் பதில் முழுவதிலும் நான் சொல்ல வருவது இதைத்தான்.

புது வருஷ ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அதில் எரேமியா 29:11 வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்ற வசனம். இது யாருக்கு எழுதப்பட்டது? எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி சொல்லிக்கொண்டிருந்தான். ஜனங்களுக்கு அது இனித்தது. எரேமியாவோ எழுபது வருடம் என்று எழுதினான். கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப் போவதில்லை என்று அர்த்தம். அப்படியானால் அதுவரை அவர்கள் என்ன செய்யவேண்டும்? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்கிறது கடிதம். சத்துருவின் பட்டணத்துக்காக! 11-ஆம் வசனத்தைப் பிடித்துக்கொள்கிற யாரும் 5, 6, 7-ஆம் வசனங்களை விட்டுவிடக் கூடாது. நாளைக்கு என்ன ஆகும் என்பது கர்த்தர் கையில் இருக்கிறது. இன்றைக்கு நாம் இருக்கிற இடத்தில் என்ன செய்யவேண்டும் என்பது வெளிச்சமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

வசனமாகவே சொல்லிக்கொண்டு போனால் காற்றில் பேசுவதுபோல் ஆகிவிடும். நம் ஊரிலேயே நடந்த மூன்று பேருடைய கதையைச் சொல்கிறேன். மூன்றும் வேலூர் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோடு சம்பந்தப்பட்டவை. உங்கள் குடும்பத்திலும் யாராவது ஒருவர் அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருப்பார்.

ஐடா ஸ்கடர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புக்கு வந்து வைத்தியம் பார்த்த மிஷனரி. அப்பாவும் மிஷனரி டாக்டர். சித்தப்பா, பெரியப்பா என்று குடும்பமே மிஷனரிக் குடும்பம். ஐடாவுக்கு அதுவே வேண்டாமென்றிருந்தது. சிறுமியாக இருந்தபோது 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை வேலூரில் கண்ணால் பார்த்தவர். அந்த வெயிலும் பசியும் வியாதியும் இல்லாத ஒரு வாழ்க்கையை அமெரிக்காவில் அமைத்துக்கொள்ளவேண்டும் என்பது அவருடைய ஆசை. படிப்பதற்கு அமெரிக்காவுக்கும் போனார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-இல் திண்டிவனத்துக்கு வந்ததுகூட கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணத்தோடுதான்.

திண்டிவனத்து பங்களாவில் ஓர் இரவு. விளக்கை வைத்துக்கொண்டு தன் அறையில் இருக்கிறார். வராந்தாவில் காலடிச் சத்தம். ஒரு பிராமண இளைஞர் வந்து நிற்கிறார். சின்ன வயது மனைவிக்குப் பிரசவ வலி, மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள், நீங்கள் வந்து பாருங்கள் என்கிறார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துக்கொண்டு வருகிறேன் என்கிறார் ஐடா. அந்நிய ஆண் முகத்தைப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுகிறார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் வருகிறார், இவர் முஸ்லிம். அதே பிரசவம், அதே வேண்டுகோள், அதே மறுப்பு. அப்புறம் மூன்றாவதாக இன்னொரு இந்து. அவரும் அப்படியே திரும்பிப் போகிறார். விடிந்ததும் ஊருக்குள்ளிருந்து சாவு மேளம் கேட்கிறது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தால், மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள். ஐடா கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் ஜெபித்தார். வெளியே வந்து அம்மா அப்பாவிடம், நான் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றார்.

இந்தச் சம்பவத்தைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் "மூன்று முறை கர்த்தர் கதவைத் தட்டினார்" என்ற இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அந்த இரவில் ஐடாவுக்குத் தரிசனம் எதுவும் வரவில்லை, வானத்திலிருந்து குரல் கேட்கவில்லை. பக்கத்து வீதியில் மூன்று பிணங்கள் விழுந்தன. அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் அவரால் கப்பல் ஏற முடியவில்லை. அழைப்பு என்று நாம் பெரிய வார்த்தையாகச் சொல்வது அவ்வளவுதான். அதற்கப்புறம் வந்தது நீண்ட, அலுப்பான காலம். 1895-இல் ஃபிலடெல்ஃபியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பெண்களுக்குக் கதவு திறந்த புதிதில் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி 1899-இல் பட்டம் வாங்கினார். 1900-இல் வேலூர் வந்தார். பக்கத்தில் நின்று தொழில் கற்றுக்கொடுப்பார் என்று நம்பியிருந்த அப்பா அதே வருடம் இறந்துபோனார். ஊர் மக்களும் அந்த இளம் பெண் டாக்டரிடம் உடனே நம்பி வந்துவிடவில்லை. பங்களாவின் ஒரு சின்ன அறையில் மருந்து கொடுக்க ஆரம்பித்து, நாற்பது படுக்கையோடு ஆஸ்பத்திரி திறந்தது 1902-இல். நர்சிங் பள்ளி 1909-இல். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல். திண்டிவனத்து இரவிலிருந்து கணக்குப் போட்டால் ஏறத்தாழ கால் நூற்றாண்டு.

அதோடும் முடியவில்லை. 1930-களின் கடைசியில், இனி பட்டப்படிப்பு மட்டுமே, டிப்ளமா மருத்துவப் படிப்பு கிடையாது என்று சென்னை மாகாண அரசு முடிவெடுத்தபோது, பள்ளியை மூடவேண்டிய நிலை வந்தது. ஐடாவுக்கு அப்போது எழுபதை நெருங்கும் வயது. அந்த வயதில் அமெரிக்கா போய் சபை சபையாக ஏறி இறங்கிப் பணம் திரட்டினார். பெண்களுக்காகவே ஆரம்பித்த கல்லூரியில் ஆண்களைச் சேர்ப்பதில் அவருக்குப் பெரிய மனப்போராட்டம் இருந்தது. மூன்று பெண்கள் செத்த இரவில் பிறந்த வேலையல்லவா அது? ஆனாலும் இணங்கினார். 1947 முதல் ஆண்களும் சேர்ந்தார்கள். கர்த்தர் கொடுத்த தரிசனம் என்று பிடித்துக்கொண்டிருந்ததையே அவர் கர்த்தருக்காக மாற்றிக்கொண்டார். நோக்கம் ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் குழப்பமே இருக்காது என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தை நிதானமாக யோசிக்கவேண்டும்.

இரண்டாமவர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் மலைமக்களுக்குக் கட்டு கட்டுவதையும் சீழ் எடுப்பதையும் பார்த்துப் பார்த்து, பையனுக்கு வைத்தியத் தொழில் என்றாலே அருவருப்பு. ஒன்பது வயதில் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பப்பட்டார். 1929-இல் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். டாக்டருக்குப் படிக்க வைக்கிறோம் என்று உறவினர் முன்வந்தும் பால் வேண்டாமென்றுவிட்டு, கட்டட வேலை கற்றுக்கொள்ளப் போனார். தச்சு, கொத்து வேலை என்று சில வருடங்கள். பிறகு மனம் மாறி 1937-இல் லண்டனில் மருத்துவம் சேர்ந்தார். அப்படியானால் அந்தச் சில வருடங்கள் வீண்தானே என்று அவருக்கே தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை.

1946-இல் வேலூருக்கு வந்தார். மறுவருடம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையில் தன் கையைக் கொடுத்து, முடிந்தவரை இறுக்கிப் பிடி என்றார். செத்த கை என்று நினைத்திருந்தார். அந்த மனிதர் பிடித்த பிடியில் வலி தாங்கவில்லை. அந்த வலியில்தான் விஷயம் புரிந்தது. முன்கைத் தசைகள் பழுதாகவில்லை, உள்ளங்கையின் சின்னத் தசைகள்தான் செயலிழந்திருக்கின்றன. அப்படியானால் நல்ல தசைநார் ஒன்றை எடுத்து மாற்றிக் கோத்தால் விரல்களை நிமிர்த்தலாமே! இந்தக் கைகளைப் பற்றி ஓர் எலும்பு சர்ஜன்கூட ஆராய்ச்சி செய்ததில்லை என்பதும் அப்போது தெரியவந்தது. வேலூரில் அடுத்த வருடமே அறுவைச் சிகிச்சைகள் ஆரம்பித்தன.

கை நிமிர்ந்துவிட்டது, ஆனால் அந்தக் கைக்கு வேலை கொடுக்க ஊரில் ஆளில்லை. அதனால் நவஜீவ நிலையம் என்று ஒரு சின்னக் குடியிருப்பை அமைத்து, தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். லண்டனில் உளி பிடித்த வருடங்கள் இங்கே வந்து நின்றன. அங்கேதான் இன்னொன்றும் பிடிபட்டது. துருப்பிடித்த ஒரு பூட்டைத் திறக்க பிராண்ட் திணறிக்கொண்டிருந்தார். தொழுநோய் பாதித்த ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. விரல் எலும்பு தெரியுமளவுக்குக் கிழிந்திருந்தது, சிறுவனுக்கோ தெரியவே இல்லை. விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் வரும் காயங்களே அவற்றைத் தின்கின்றன என்பதை இப்படி ஒவ்வொரு காயமாகப் பின்தொடர்ந்து கண்டுபிடித்தார்கள். தச்சுப்பட்டறையில் நாள் முழுவதும் நின்று பழகிய ஒரு டாக்டருக்குத்தான் இது கண்ணில் பட்டிருக்கும் என்பது என் எண்ணம். உங்கள் 27 வருடத்தில் எது வீண், எது வீணில்லை என்று இப்போதே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள் என்று சொல்வதற்காகத்தான் இதை இவ்வளவு நீட்டினேன்.

போகிறபோக்கில் அவருடைய அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எவலின் பிராண்ட் எழுபதை ஒட்டிய வயதில் மிஷன் ஓய்வு கொடுத்தபின், சொந்தப் பொறுப்பில் திரும்பவும் மலைக்கே போய்விட்டார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போய்வந்து, 1974-இல் இறக்கும்போது அவருக்கு 95 வயது. முப்பது வயதுக்குள் எல்லாம் தெளிவாகிவிடவேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு இருந்தால், அந்தப் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாமவர் டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்துப் பெண், 1925-இல் பிறந்தவர், வேலூரில் படித்து அங்கேயே பணிக்குச் சேர்ந்தவர். மகப்பேறு மருத்துவம் பார்க்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம். 1954 ஜனவரியில், சக மருத்துவர்களோடு போன வண்டி விபத்துக்குள்ளானது. முகத்தில் பெரிய காயம், தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. வயது இருபத்தெட்டுதான். ஏறத்தாழ உங்கள் வயது. கர்த்தருடைய சித்தத்தைத் தெரிந்துகொண்டு, அதற்காகப் படித்து, அதில் நடந்துகொண்டிருந்தவருக்கு இப்படி நடந்தால் என்ன அர்த்தம் சொல்வது? நான் அர்த்தம் சொல்ல முயலமாட்டேன். அந்த விபத்தைக் கர்த்தர் நன்மைக்காகவே கொடுத்தார் என்று பக்கத்தில் நின்று சுலபமாகச் சொல்கிறவர்களின் பேச்சு எனக்கு ஒத்துவராது.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். பல மாதம் படுக்கை, உட்கார வைப்பதற்கென்றே மேலும் அறுவைச் சிகிச்சைகள். பால் பிராண்ட்தான் அவரிடம் ஒரு வழியைச் சொன்னார். தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்யும் அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம், உங்கள் கைகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்றார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவைச் சிகிச்சை அறைக்குத் திரும்பினார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, வேலூரில் அந்தத் துறைக்கு முதல் தலைவரானார். தண்டுவடம் அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ. மரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், லாரி மோதியவர்கள் அங்கே வரும்போது, அவர்களைப் பார்க்க வந்த டாக்டரும் சக்கர நாற்காலியில்தான் வந்தார்.

சரி, உங்கள் மனதில் ஒரு கேள்வி எழவேண்டும். எழுந்தால் நல்லது. விசுவாசமே இல்லாதவர்களும் இப்படிச் சேவை செய்கிறார்களே, பிறருக்கு உதவி அதில் நிறைவு காண்கிறார்களே, இதில் கிறிஸ்தவம் எங்கே வருகிறது? அவர்கள் செய்கிற நன்மை உண்மையான நன்மை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. சுவிசேஷம் செய்கிற வித்தியாசம் வரிசையில் இருக்கிறது. எபேசியர் 2-ஆம் அதிகாரம் பாருங்கள். கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், இது கிரியைகளினால் உண்டானதல்ல என்று முதலில் சொல்கிறது. நற்கிரியைகளுக்காகச் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்பது அதற்கப்புறம், பத்தாம் வசனத்தில். நான் பிரயோஜனமாக இருப்பதால் கர்த்தர் என்னை வைத்திருக்கவில்லை. அவர் என்னை நேசிப்பதால் நான் இருக்கிறேன், அதிலிருந்து வேலை பிறக்கிறது. விபத்து நடந்து படுக்கையில் கிடந்த அந்த மாதங்களில், ஒரு விரலைக்கூட யாருக்காகவும் அசைக்க முடியாத நிலையில், மேரி வர்கீஸின் வாழ்க்கைக்கு நோக்கம் இருந்ததா? சேவைதான் நோக்கம் என்றால் இல்லை. அழைத்தவரோடு இருப்பது நோக்கம் என்றால், ஒரு நாளும் குறையாமல் இருந்தது. பக்கவாதம் வந்து படுத்துவிட்ட உங்கள் பாட்டிக்கும், மூளை வளர்ச்சி குன்றிய ஒரு குழந்தைக்கும் இதே பதில்தான். இந்தப் பதிலைக் கொடுக்க முடியாத எந்த நோக்கமும் ஒருநாள் நம்மைக் கைவிட்டுவிடும்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த பாஸ்டர் சொன்னதைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். சிலரைக் கர்த்தர் முழுநேர ஊழியத்துக்குத்தான் அழைக்கிறார், அது அருமையான வேலை. ஆனால் அதுவே முதல் வகுப்பு, மற்ற வேலையெல்லாம் இரண்டாம் வகுப்பு என்ற எண்ணம் நம் சபைகளில் ஆழமாக ஊறிவிட்டது, அது வேதத்துக்கு ஒவ்வாது. பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்துக்கொண்டே ஊழியம் செய்தான். எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்று கொலோசெயருக்கு எழுதினானே, அதை முதலில் கேட்டவர்கள் யார்? வேறு வேலைக்குப் போகும் சுதந்திரமே இல்லாத அடிமைகள். தண்ணீர் சுமக்கிற, எஜமான் வீட்டைப் பெருக்குகிற அடிமையின் வேலையைக் கர்த்தர் தம் கணக்கில் வைத்துக்கொள்கிறார் என்றால், நீங்கள் எழுதுகிற புரோகிராமும் அந்தக் கணக்கில் வரும். அதை ஒழுங்காக எழுதுங்கள். டீமில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குத் தெரியாததைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். மற்றவன் செய்ததைத் தன் வேலையாகக் காட்டாமலிருங்கள். நியாயஞ்செய்வது அங்கேயிருந்தே ஆரம்பிக்கிறது.

எங்கள் சபையில் ஒரு அண்ணன் இருக்கிறார். லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போவார். கூட ஆளில்லாத நோயாளிகளின் பக்கத்தில் உட்காருவார். படிக்கத் தெரியாதவர்களுக்கு எந்த வார்டு, எந்த ஸ்கேன் அறை என்று அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவார். கேட்டால் ஜெபிப்பார், கேட்காவிட்டால் சும்மா இருப்பார். அவரிடம் போய், உங்கள் அழைப்பு என்ன என்று கேட்டால் விழிப்பார். அவருடைய அம்மா அந்த வார்டில் கடைசி நாட்களில் இருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் ஒருவர் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து ஆரம்பித்தது.

ஆகவே வேதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து விரலை வைத்துப் பார்ப்பது, இந்த அடையாளம் வந்தால் சித்தம், வராவிட்டால் இல்லை என்று கிதியோனைப்போல் கேட்டுக்கொண்டிருப்பது, இதையெல்லாம் கொஞ்ச காலம் நிறுத்தி வையுங்கள். கிதியோன் ஆட்டுத்தோலைத் தரையில் போட்டு அடையாளம் கேட்டது சித்தம் தெரியாமலிருந்ததால் அல்ல. தூதன் வந்து தெளிவாகச் சொல்லிவிட்டபிறகும் பயம் தீராததால் போட்டான். அதற்குப் பதில் ஒரு சுவிசேஷத்தை எடுத்து, மாற்கு என்றால் மாற்கு, முதலிலிருந்து மெதுவாகப் படியுங்கள். வசனம் தேடிப் படிக்காதீர்கள், இயேசு யாரைப் பார்த்து நிற்கிறார், யாரைத் தொடுகிறார், எதற்குக் கோபப்படுகிறார் என்று பாருங்கள். உங்கள் மனம் புதிதாகிறதினாலே தேவனுடைய சித்தத்தைப் பகுத்தறிவீர்கள் என்று ரோமர் 12:2 சொல்வது இப்படித்தான் நடக்கிறது. அவரோடு பழகப் பழக அவர் கண்ணில் படுவது உங்கள் கண்ணிலும் படும். இத்தனை நாள் தினமும் கடந்துபோன ஒரு மனிதர், ஒரு தேவை, திடீரென்று கடந்துபோக முடியாததாக ஆகும். அப்படி ஆனால் அதைத் தள்ளிவிடாதீர்கள். அந்த வேலையைச் சிறிதாக ஆரம்பியுங்கள். ஆரம்பித்தபின் கதவு அடைபட்டால் கலங்கவும் வேண்டாம். பவுலே பித்தினியாவுக்குப் போகப் பிரயத்தனப்பட்டு, ஆவியானவர் போகவிடாமல் துரோவாவில் வந்து நின்றவன்தான். முயன்று பார்க்காமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் மக்கெதோனியாவுக்கு வா என்ற அழைப்பு வந்திருக்காது.

இன்னொன்றை அவசியம் கேட்கவேண்டும். காலையில் எழவே மனமில்லை என்கிறீர்கள். தூக்கம், பசி எப்படி இருக்கிறது? முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லையா? செத்துப்போனால் நல்லது என்ற நினைவு எட்டிப் பார்க்கிறதா? இவை வாரக்கணக்கில் நீடித்தால் அது நோக்கம் தெரியாத பிரச்சினை மட்டுமில்லை, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, தயங்காமல் போய்ப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றபோது, கர்த்தர் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்க விட்டார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றார். திரும்பவும் தூங்க விட்டார். அடுத்த வேலையைப் பற்றிய பேச்சு ஓரேப் மலையில், பல நாள் கழித்து வந்தது.

வேலையை விடுவதைப் பற்றி என் அபிப்பிராயம் இது. இப்போது விடாதீர்கள். வெறுமையிலிருந்து தப்பிக்க ஊழியத்துக்குப் போகிறவர்கள் அந்த வெறுமையை ஊழியத்துக்குள்ளும் எடுத்துக்கொண்டு போகிறார்கள், அதனால் சபையும் காயப்படுகிறது. ஒரு வருடமாவது இருக்கிற இடத்தில் ஏதாவது ஒரு பொறுப்பை எடுத்துச் செய்யுங்கள். ஞாயிறு பள்ளி வகுப்பாக இருக்கலாம், ஆஸ்பத்திரிச் சந்திப்பாக இருக்கலாம், உங்கள் தெருவில் கணக்குப் பாடம் புரியாமல் தவிக்கிற பிள்ளைகளாக இருக்கலாம். அந்த வேலையில் உங்களுக்கு வரம் இருக்கிறதா என்று உங்களைவிட மற்றவர்களுக்கு முதலில் தெரியும். பவுலையும் பர்னபாவையும் பிரித்துவிடுங்கள் என்று ஆவியானவர் சொன்னது அந்தியோகியா சபை கூடி உபவாசித்துக்கொண்டிருந்தபோதுதான். ஒருவர் தனியாக உங்களைக் கூப்பிட்டு ஊழியத்துக்கு வா என்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அப்பாவிடமும் பேசுங்கள். அவர் சம்மதிக்காததற்கு உலகப்பற்றுதான் காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வீட்டுக்கடன், தங்கையின் கல்யாணம், தன் உடல்நிலை என்று உங்களிடம் சொல்லாத பயம் ஏதாவது இருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் தேவசித்தத்தைத் தேடுவதில் சேர்ந்ததுதான். வருகிற லீவுக்கு ஊருக்குப் போனால், ஊழியத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல், அப்பா தன் 27 வயதில் என்ன செய்துகொண்டிருந்தார், எதற்குப் பயந்தார் என்று கேட்டுப் பாருங்கள். பிறகு வேண்டுமானால் திரும்ப எழுதுங்கள், பேசுவோம்.